காலிப்பரும் மலைச்சரிவும்: ஆர்த்தோடிஸ்ட் செய்யும் வேலை என்ன?

பலவீனமான காலில் வெளியிலிருந்து மாட்டும் காலிப்பரைப் போட்டால் கால் இன்னும் சூம்பிவிடும் என்பார் ஒருவர். மெடிக்கல் ஷாப்பில் மீடியம் சைஸ் கேட்டு வாங்கினால் போதாதா என்பார் இன்னொருவர். இறுக்கிக் கட்டக் கட்டச் சீக்கிரம் குணமாகும் என்று நம்பி, இரவு முழுக்கக் கட்டி வைத்து, காலையில் கணுக்காலில் கொப்புளத்தோடு வருகிறவர்களும் உண்டு. மூன்றும் தவறு. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: பலமில்லாத காலுக்கு முட்டுக்கொடுக்கும் பொருள்தான் காலிப்பர் என்ற எண்ணம்.

காலிப்பர் முட்டுக்கொடுப்பதில்லை. நடக்கும்போது உடல் எடையின் விசை மூட்டுக்கு முன்பக்கமாகப் போகிறதா, பின்பக்கமாகப் போகிறதா என்பதை அது மாற்றுகிறது. இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஆஸ்பத்திரியின் சமதளத்தில் நன்றாக நடந்தவர் கோத்தகிரிச் சரிவில் ஏன் தடுமாறுகிறார், செருப்பை மட்டும் மாற்றியதற்கு முழங்கால் ஏன் வலிக்கிறது என்ற கேள்விகளுக்கும் விடை இதில்தான் இருக்கிறது. நீலகிரியில் காலிப்பர் அணிபவர்களுக்கு இந்த இரண்டு கேள்விகளும் அன்றாடப் பிரச்சினை.

யார் இந்த ஆர்த்தோடிஸ்ட்?

உடலில் இருக்கிற ஓர் உறுப்பின்மேல் வெளியிலிருந்து பொருத்தி, அதன் அசைவையோ வடிவத்தையோ சீராக்கும் சாதனத்துக்கு ஆர்த்தோசிஸ் என்று பெயர். காலிப்பர், கை ஸ்ப்ளின்ட், முதுகு வளைவுக்கான பிரேஸ் எல்லாம் இந்த வகை. இழந்துவிட்ட உறுப்புக்குப் பதிலாக வைப்பது செயற்கை உறுப்பு. ஜெய்ப்பூர் கால் அதில் சேரும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

எந்தச் சாதனம் தேவை என்று மருத்துவர் எழுதித் தருவார். தசைகளைப் பழக்குவது இயன்முறை மருத்துவரின் வேலை. அளவெடுத்து, வார்த்து, பொருத்தி, நடக்கவிட்டுப் பார்த்து, திரும்பத் திரும்பத் திருத்துவது ஆர்த்தோடிஸ்டின் வேலை. இதற்குத் தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது. பயிற்சிக்காலத்தோடு சேர்த்து நாலரை ஆண்டு. முடித்தவர்கள் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பாதி நாள் நோயாளியின் அருகிலும் மீதி நாள் பாரிஸ் சாந்து மாவும் தூசும் அடுப்புச் சூடும் நிறைந்த பட்டறையிலுமாகக் கழியும். இந்த இரண்டில் ஒன்று மட்டும் தெரிந்தவரால் நல்ல காலிப்பர் செய்ய முடியாது.

இவரிடம் வருகிறவர்களில் நடுவயதைத் தாண்டிய இளம்பிள்ளைவாதக்காரர்கள் உண்டு. இந்தியாவில் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது, 2014 மார்ச்சில் போலியோ இல்லாத பகுதி என்ற சான்றும் கிடைத்தது. ஆனால் அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆயுள் முழுக்கக் காலிப்பர் தேவை. பக்கவாதம் வந்தவர்கள், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள், வளைபாதத்தோடு பிறந்த கைக்குழந்தைகள், தொழுநோயாலோ சர்க்கரை நோயாலோ பாதத்தில் உணர்ச்சி இழந்தவர்கள், மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரம் ஏறி விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள் என்று பட்டியல் நீளும்.

மூன்று இடத்தில் அழுத்தம்

வளைந்த குச்சியை எப்படி நிமிர்த்துகிறோம்? இரண்டு முனைகளையும் இரண்டு கையால் பிடித்து, வளைவின் நடுவில் முழங்காலை வைத்து எதிர்ப்பக்கம் அழுத்துகிறோம். இரண்டு கை, ஒரு முழங்கால், ஆக மூன்று இடம். ஓரிடத்தில் மட்டும் அழுத்தினால் குச்சி நகர்ந்து போகும், நிமிராது. எல்லா ஆர்த்தோசிஸும் இந்தக் கணக்கில்தான் இயங்குகிறது. இதற்கு மும்முனை அழுத்தம் என்று பெயர்.

பாதம் தொங்கும் காலை எடுத்துக்கொள்வோம். பாதத்தை மேலே தூக்கும் தசை செயலிழந்தால், காலை எடுத்து வைக்கும்போது விரல்கள் தரையில் இழுபடும், படியில் தட்டும். இதற்குக் கணுக்காலையும் பாதத்தையும் பின்பக்கமாகத் தழுவி நிற்கும் பிளாஸ்டிக் காலிப்பர் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் அதை ஏ.எஃப்.ஓ. என்பார்கள். அதன் அடித்தட்டு முன்பாதத்தை மேல்நோக்கித் தாங்கும். மேல்விளிம்பு கெண்டைக்காலைப் பின்னாலிருந்து முன்னே தள்ளும். கணுக்காலின் முன்பக்கப் பட்டை பாதத்தைப் பின்னும் கீழுமாக அழுத்திப் பிடிக்கும்.

‘பாதம்தானே தொங்குகிறது, முழங்காலுக்குக் கீழே வரைக்கும் எதற்கு? பேன்ட்டுக்கு மேலே தெரிகிறது, பாதி உயரத்துக்கு வெட்டிக் கொடுங்கள்’ என்று பலர் கேட்பார்கள். குச்சியை நீளமாகப் பிடித்தால் நிமிர்த்துவது சுலபம், குட்டையாகப் பிடித்தால் கஷ்டம். காலிப்பரின் உயரத்தைப் பாதியாக்கினால், அதே வேலைக்கு மேல்விளிம்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு விசையோடு காலை அழுத்த வேண்டும். அந்த விசை தோலில்தான் இறங்கும். கெண்டைக்காலில் கோடு விழும், பிறகு புண்ணாகும்.

இறுக்கிக் கட்டுவதில் உள்ள தவறும் இதுதான். பட்டையை இறுக்கினால் மூன்றில் ஓரிடத்து அழுத்தம் மட்டும் கூடும். குதிகால் காலிப்பரின் அடியில் நன்றாக உட்காரும் அளவுக்கு முதலில் கணுக்கால் பட்டையைப் போட வேண்டும். அதன் பிறகே மேல்பட்டை. தலைகீழாகச் செய்தால் குதிகால் ஒரு விரல்கடை தூக்கியே நிற்கும், அன்று முழுக்க எத்தனை இறுக்கினாலும் அது கீழே இறங்காது.

கால் சூம்பும் விஷயத்துக்கு வருவோம். நரம்புத் தொடர்பு அறுந்த தசை காலிப்பர் போட்டாலும் போடாவிட்டாலும் சூம்பும். பழி மட்டும் காலிப்பர்மேல் விழுகிறது. ஆனால் உயிரோடு இருக்கும் தசையின் வேலையையும் சேர்த்துக் காலிப்பர் பிடுங்கிக்கொண்டால் அந்தத் தசை நிஜமாகவே தளரும். தேவைக்கு மேல் ஒரு மூட்டைக்கூடப் பூட்டக்கூடாது என்று நல்ல ஆர்த்தோடிஸ்ட் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். அதற்காகத்தான் ஒவ்வொரு தசையின் பலத்தையும் 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுப் பார்க்கிறார். 0 என்றால் துடிப்பே இல்லை. 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்து அசைக்க முடியும், ஆனால் கை வைத்துத் தடுத்தால் தோற்கும். 5 முழுப் பலம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மூன்று இடங்களில் அழுத்தித் திசை திருப்புவது காலிப்பரின் வேலை, நீளம் கூடினால் அழுத்தம் குறையும், இறுக்கம் பலத்தைக் கூட்டாது.

வார்ப்பிலிருந்து காலுக்கு

கடையில் ரெடிமேடாகக் கிடைப்பவை சில வாரத் தேவைக்கு, உணர்ச்சி நன்றாக உள்ள காலுக்குப் போதும். நீண்ட நாள் போடுவதற்கு அவரவர் காலில் அச்செடுக்க வேண்டும்.

முதலில் காலுக்கு மெல்லிய பருத்தி உறை போட்டு, எலும்பு துருத்தும் இடங்களில் அழியாத பென்சிலால் குறி வைப்பார்கள்: கணுக்காலின் இரு பக்க மொட்டு, சுண்டுவிரல் வேர், பாதத்தின் உள்பக்க எலும்பு, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாகத் தட்டுப்படும் எலும்பு முனை. இந்தக் கடைசிக் குறி மிக முக்கியம். பாதத்தைத் தூக்கும் நரம்பு அந்த எலும்பைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. காலிப்பரின் மேல்விளிம்பு அதற்குக் குறைந்தது 2 செ.மீ. கீழே நிற்க வேண்டும். மேலே ஏறி நரம்பை நசுக்கினால், பாதம் தொங்குவதற்குப் போட்ட காலிப்பரே பாதத்தைத் தொங்கவைக்கும்.

பிறகு மாவுக்கட்டு. 15 செ.மீ. அகலப் பாரிஸ் சாந்துக் கட்டுத்துணியை நனைத்து விரலிலிருந்து மேலே சுற்றி, பாதத்தைச் சரியான கோணத்தில் கையால் பிடித்தபடி இறுகும்வரை காத்திருக்க வேண்டும். பெரியவர் காலுக்கு இரண்டு முதல் நான்கு சுருள் ஆகும். மலையில் முதல் சிக்கல் இங்கேயே தொடங்கிவிடும். சனவரிக் காலையில் ஊட்டிக் குழாய்த் தண்ணீரில் நனைத்தால் மாவு இறுக நேரமெடுக்கும்; நோயாளியின் கால் சோர்ந்து கோணம் நழுவும். நழுவிய கோணம் காலிப்பர் முடிந்து போட்டுப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. அதனால் வெதுவெதுப்பான நீர் வேண்டும். சூடு அதிகமானாலும் ஆபத்து: மாவு இறுகும்போது தானே வெப்பம் வெளிவிடும், அதோடு சுடுநீரும் தடித்த கட்டும் சேர்ந்தால் உணர்ச்சியில்லாத கால் வெந்துபோகும்.

இறுகிய கட்டை முன்பக்கமாகக் கீறிக் கழற்றினால் உள்ளே காலின் வடிவம் கிடைக்கும். கீறலை மூடி, நடுவில் இரும்புக் குழாய் நிறுத்தி, கரைத்த மாவை ஊற்றினால் காலின் நகலாக ஒரு மாவுக்கால் கிடைத்துவிடும். ஆர்த்தோடிஸ்டின் கைவண்ணம் தெரிவது இதன் பிறகுதான். எலும்பு மொட்டுகளின்மேல் 3 முதல் 5 மி.மீ. வரை மாவு பூசிக் கூட்டுவார். அங்கே பிளாஸ்டிக் உரசாமல் இடைவெளி கிடைக்கும். கெண்டைக்கால் சதை போல அழுத்தம் தாங்கும் இடங்களில் அரத்தால் செதுக்கிக் குறைப்பார். மும்முனை அழுத்தம் எங்கெங்கே விழவேண்டும் என்பதை அவர் முடிவுசெய்வது இந்த மாவுக்காலில்தான்.

அடுத்து பிளாஸ்டிக். பாலிபுரொப்பிலீன் தகடு, சிறு குழந்தைக்கு 3 மி.மீ., பெரியவருக்கு 4 அல்லது 5 மி.மீ. தடிமன். 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் வெள்ளைத் தகடு கண்ணாடிபோல ஆகும். அந்த நொடியில் எடுத்து மாவுக்கால்மேல் போர்த்தி, முன்பக்கம் ஒட்டி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால் தகடு அச்சோடு அச்சாகப் படியும். அப்போது பட்டறை ஜன்னல் திறந்திருந்து குளிர்காற்று அடித்தால் தகடு ஒருபக்கம் முந்தி இறுகிவிடும். மாவுக்கால் ஈரமாயிருந்தால் ஆவி கிளம்பிக் குமிழி விழும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மாவுக்கால் லேசில் காயாது. பல்பு போட்ட பெட்டியில் வைத்துக் காயவைக்கத்தான் வேண்டும். போர்த்திய பின் ஓர் இரவாவது ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு கழற்றினால் ஓரங்கள் விரிந்து, வார்ப்பு சரியாக இருந்தும் காலிப்பர் லொடலொடக்கும்.

பிளாஸ்டிக்கிலும் இரண்டு ரகம் உண்டு. ஹோமோபாலிமர் விறைப்பானது, ஆனால் குளிரில் நொறுங்கும். கோபாலிமர் சற்று வளைந்துகொடுக்கும், விரிசலைத் தாங்கும். டிசம்பர், சனவரியில் புல்மேல் உறைபனி விழும் ஊர்களில் விடியற்காலை தேயிலைக்குப் போகிறவருக்குக் கோபாலிமரே நல்லது என்பது என் தீர்ப்பு. எந்த ரகமானாலும் கணுக்கால் ஓரத்தில் ரம்பம் விட்ட கீறலை வழவழப்பாகத் தேய்த்துவிட வேண்டும். அந்தச் சின்னக் கீறலில்தான் விரிசல் பிறக்கும்.

விளிம்பை எங்கே வெட்டுவது

ஒரே வார்ப்பு, ஒரே தகடு. ஆனால் கணுக்கால் பக்கத்தில் விளிம்பை எங்கே வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்துக் காலிப்பரின் குணமே மாறும். கணுக்கால் மொட்டுக்குப் பின்னால் வெட்டினால் மெல்லிய பட்டை மட்டும் நிற்கும். நடக்கும்போது வளைந்து நிமிரும். பாதம் தொங்குவது மட்டுமே குறை என்றால் இது போதும். மொட்டுக்கு முன்னால்வரை பிளாஸ்டிக் விட்டால் கணுக்கால் அசையவே அசையாது. தசை விறைப்பு அதிகமுள்ளவருக்கும் கணுக்கால் பக்கவாட்டில் சாய்கிறவருக்கும் அது வேண்டும்.

வெட்டியதை ஒட்ட முடியாது. அதனால் முதலில் முன்னால் விட்டு வெட்டி, நடக்கவைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் 2, 3 மி.மீ.யாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். ஒரே நாளில் மூன்று முறை கழற்றி மாட்டினால் வேலை தெரியாதவர் என்று அர்த்தமில்லை.

சரிவில் என்ன நடக்கிறது

நாம் நிற்கும்போது தரையும் நம்மை மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளுவிசை பாதத்திலிருந்து கிளம்பி மேலே போகும் கோடு முழங்காலுக்கு முன்னால் சென்றால் முழங்கால் நிமிரும். பின்னால் சென்றால் மடங்கும். மடங்கும்போது விழாமல் பிடிப்பது முன்தொடைத் தசை. நல்ல கணுக்கால் உள்ளவருக்குச் சரிவைக் கணுக்கால் வாங்கிக்கொள்ளும். முழங்காலுக்குச் செய்தியே போகாது.

இப்போது கணுக்காலை 90 டிகிரியில் பூட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 டிகிரிச் சரிவு என்பது ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 18 செ.மீ. உயரம். எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதைகளில் இது சாதாரணம். அந்தச் சரிவில் இறங்கும்போது பாதம் முழுதாகப் பதிந்தால், பூட்டிய கணுக்கால் கீழ்க்காலையும் 10 டிகிரி முன்னே சாய்த்துவிடும். தள்ளுவிசை முழங்காலுக்குப் பின்னால் போகும். முழங்கால் மடங்கும். முன்தொடைத் தசை 5 மதிப்பெண் வாங்கியவர் பிடித்துக்கொள்வார். 3 வாங்கியவர் விழுவார். ஏறும்போது இதற்கு நேரெதிர்: கீழ்க்கால் பின்னே சாயும், முழங்கால் பின்பக்கமாக வளையும். விழமாட்டார். ஆனால் ஆண்டுக்கணக்கில் இப்படி ஏறினால் முழங்காலின் பின்பக்க நார்கள் இழுபட்டு நிரந்தரமாகத் தளர்ந்துபோகும்.

சமதளத்தில் நன்றாக நடந்தவர் சரிவில் தடுமாறுவது இதனால்தான். ஆஸ்பத்திரிச் சாய்தளத்தில் நடக்கவிட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது என்று சொல்வதும் போதாது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12 மீட்டருக்கு ஒரு மீட்டர்தான் உயரும். அது 5 டிகிரிகூட ஆகாது.

செருப்பும் சரிவுதான். குதிப்பக்கத் தடிமனுக்கும் முன்பக்கத் தடிமனுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். பெரியவர் பாதத்தில் அந்த வித்தியாசம் ஒரு செ.மீ. கூடினால் கீழ்க்கால் 3 டிகிரிக்குச் சற்று மேல் முன்னே சாயும். சின்னப் பிள்ளையின் பாதம் குட்டை என்பதால் அதே ஒரு செ.மீ. 5, 6 டிகிரி ஆகிவிடும். தட்டைச் செருப்புக்கு அமைத்த காலிப்பரை 2 செ.மீ. குதி உயர்ந்த ஷூவுக்குள் போட்டுக்கொண்டு போகும் பெரியவர், சமதளத்திலும் ஆறேழு டிகிரி இறக்கத்தில் இறங்கிக்கொண்டே இருக்கிறார். மாலையில் முழங்கால் வலிக்காமல் என்ன செய்யும்? காலிப்பரைக் குறை சொல்வதற்கு முன் ஷூவின் குதியை அளந்து பாருங்கள். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலிப்பரோடு நடப்பதும் இதே கணக்கில்தான் வரும். சிமென்ட் தரையில் பிளாஸ்டிக் வழுக்குவது அதற்கு மேல் ஓர் ஆபத்து. அடித்தட்டில் ரப்பர் தகடு ஒட்டித் தரச் சொல்ல வேண்டும்.

தீர்வு ஒன்றல்ல. முன்தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் பலமாக இருப்பவருக்குக் கணுக்காலில் கீல் வைத்த காலிப்பர் தரலாம். அது பாதத்தைக் கீழே தொங்கவிடாது, ஆனால் கீழ்க்கால் முன்னே சாய இடம் தரும். ஏற்றத்தில் இந்த வித்தியாசம் உடனே தெரியும். அதே கீலை, முழங்கால் மடங்கிக் குந்தினாற்போல நடக்கும் மூளை முடக்குவாதக் குழந்தைக்குக் கொடுத்தால் குழந்தை இன்னும் கீழே குந்தும். அந்தக் குழந்தைக்கு முன்பக்கம் முழங்காலுக்குக் கீழே தகடு வரும் விறைப்பான காலிப்பர் வேண்டும். உடல் முன்னே வரும்போது அந்தத் தகடு கீழ்க்காலைப் பின்னே தள்ளி முழங்காலை நிமிர்த்தும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கீல் வைத்தது நன்றாக இருக்கிறதே என்று கேட்டு வாங்கக்கூடாத இடம் இது.

கீல் வைக்க முடியாதவருக்கு இறக்கத்தில் உதவுவது மெத்தென்ற குதி. ஷூவின் குதியில் மென்மையான ரப்பர் ஆப்பு வைத்தால், பாதம் பதியும் வேகத்தை அது அமுங்கி வாங்கிக்கொள்ளும். முழங்கால் சட்டென்று மடங்காது. படிகளுக்கு ஒரு பழைய விதி இருக்கிறது: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது காலிப்பர் கால் முதலில். கைத்தடி காலிப்பர் காலோடு சேர்ந்து போகட்டும்.

மழைக்காலத்துக் கம்பூட் என்னும் உயரமான ரப்பர் பூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்குள் கால் நுழைவதே பாதத்தைக் கீழே நீட்டினால்தான். கணுக்கால் பூட்டியிருந்தால் பாதம் நீளாது. கால் பாதிவழியில் சிக்கிக்கொள்ளும். இதனாலேயே காலிப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. விரல்வரை முன்பக்கம் திறக்கும், நாடாவோ வெல்குரோவோ வைத்த ஷூதான் சரிவரும். வழக்கமான அளவைவிட ஒரு சைஸ் பெரிதாகவும், உள்தட்டைக் கழற்றக்கூடியதாகவும் இருக்கட்டும்.

இந்தப் பகுதியின் சாரம்: பூட்டிய கணுக்கால், சரிவையும் செருப்பின் குதியையும் அப்படியே முழங்காலுக்கு அனுப்பிவிடும். ஆகவே காலிப்பர், ஷூ, பாதை மூன்றையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

முழங்காலும் பலமிழந்தால்

முன்தொடைத் தசை அறவே இல்லாதவருக்குத் தொடைவரை வரும் காலிப்பர் வேண்டும். இரண்டு பக்கமும் கம்பி, முழங்காலில் கீல், கீலின்மேல் வளையப் பூட்டு. எழுந்து காலை நீட்டியதும் வளையம் தானாக விழுந்து கீலைப் பூட்டும். உட்காரும்போது கையால் தூக்கிவிட வேண்டும். இரு பக்க வளையமும் முழுக்க விழுந்துவிட்டனவா என்று தொட்டுப் பார்க்காமல் எடையை வைக்கக்கூடாது. செம்மண் சேறு உள்ளே போனால் வளையம் பாதியில் நிற்கும். பார்க்கப் பூட்டியதுபோல இருக்கும், எடை விழுந்ததும் விட்டுவிடும். வாரம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் போதும். மழைக்காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை.

கீலின் அச்சு முழங்காலின் அச்சோடு ஒத்துப்போக வேண்டும். தவறினால், உட்கார்ந்து எழும்போதெல்லாம் தொடைப்பட்டை மேலும் கீழும் உரசித் தோலைக் கிள்ளும். போலியோ பாதித்த கால் பெரும்பாலும் குட்டையாகவும் இருக்கும். ஷூவின் அடியில் உயரம் கூட்டுவார்கள். முழு வித்தியாசத்தையும் ஈடுகட்டாமல் ஒரு செ.மீ. குறைத்தே வைப்பார்கள், ஏனென்றால் பூட்டிய முழங்காலை மடக்காமல் வீசி எடுத்து வைக்க அந்த இடைவெளி வேண்டும். குறையாக விட்டுவிட்டார்கள் என்று நினைத்துச் செருப்புக்கடையில் இன்னொரு தட்டு ஒட்டிக்கொள்ளாதீர்கள்; விரல் கல்லில் தட்டும்.

உணர்ச்சியில்லாத பாதமும் குளிரும்

தொழுநோயிலும் சர்க்கரை நோயிலும் பாதம் வலியை மறந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க, 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, கண்ணை மூடச் சொல்லிக் கேட்பார்கள். இழை வளைந்தும் தெரியவில்லை என்றால் பாதுகாப்பு உணர்வு போய்விட்டது. இவர்களுக்கு எம்.சி.ஆர். என்னும் நுண்ணறை ரப்பர் வைத்த காலணி தருவார்கள். நல்ல ரப்பரை விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே அழுத்தினால் பாதித் தடிமனுக்கு அமுங்கும். அமுங்காவிட்டால் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

மலையில் இவர்களுக்கு முதல் எதிரி கணப்பு. அடுப்பின் முன் காலை நீட்டி உட்கார்ந்து வெந்த பிறகே பார்ப்பார்கள். காலிப்பரையும் ஈரம் உலர்த்த அடுப்போரம் வைக்கக்கூடாது. உருகாது, ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் ஓரிரு மி.மீ. விரியும், அது போதும் காலைப் புண்ணாக்க. கம்பளிக் காலுறையை நேராகத் தோலில் போடாமல், உள்ளே தையல் விளிம்பில்லாத பருத்திக் காலுறை போட்டு அதன்மேல் காலிப்பர், அதன்மேல் கம்பளி என்று அடுக்குவது நல்லது. கம்பளி நூல் வெல்குரோவில் சிக்கினால் பிடிப்புப் போய்விடும், ஊசியால் எடுத்துவிடலாம்.

வளைபாதக் குழந்தைகள்

பாதம் உள்பக்கமாகத் திரும்பிப் பிறக்கும் குழந்தைகளுக்குப் பொன்செட்டி முறையில் வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப் பாதத்தைத் திருப்புவார்கள். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு கட்டுகளில் பாதம் நேராகிவிடும். பலருக்குக் குதிநாணில் சிறிய வெட்டும், அதன் பிறகு மூன்று வாரக் கட்டும் உண்டு. பெற்றோர் அத்தோடு முடிந்தது என்று நினைத்துவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. அதற்குப் பிறகு, கம்பியில் பூட்டிய இரண்டு ஷூக்களை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பின்னர் நான்கு வயதுவரை தூங்கும் நேரத்திலும் போட வேண்டும். பாதித்த பாதம் 60 முதல் 70 டிகிரி வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், கம்பி குழந்தையின் தோள் அகலம். குழந்தை அழுகிறதே என்று கழற்றியவர்களின் பிள்ளைகளுக்குத்தான் பாதம் பெரும்பாலும் மறுபடி திரும்புகிறது.

அணிந்து பழகுதல், திரும்ப வருதல்

புதுக் காலிப்பரை முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றித் தோலைப் பாருங்கள். அழுத்திய தடம் அரை மணிக்குள் மறைந்தால் சரி; மறையாவிட்டால் அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு அப்படியே ஆர்த்தோடிஸ்டிடம் வாருங்கள். கருத்த தோலில் சிவப்பு தெரியாது என்பதால் புறங்கையால் தொட்டுச் சூடு இருக்கிறதா, தோல் மினுமினுப்பாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாளுக்கு ஒரு மணி கூட்டினால் ஒன்றரை வாரத்தில் முழு நாளும் பழகிவிடும். பஞ்சோ துணியோ உள்ளே அடைத்து நீங்களாகச் சரிசெய்ய வேண்டாம். அடைத்த இடத்தில் அழுத்தம் கூடத்தான் செய்யும்.

குழந்தைகளை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். விரல் நுனி அடித்தட்டைத் தாண்டினாலோ, மேல்விளிம்பு கெண்டைக்காலின் நடுவுக்கு இறங்கிவிட்டாலோ புதிது செய்யும் நேரம் வந்துவிட்டது.

பந்தலூரிலிருந்து ஊட்டி வந்து போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் ஒரே நடையில் வேலை முடிய, கையோடு கொண்டுவர வேண்டியவை சில. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை அவசியம். 40 விழுக்காடோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்று உள்ளவர்களுக்கு, 1981 முதல் நடக்கும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்திலும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகவும் சாதனங்கள் கிடைக்க வழி உண்டு. வருமானச் சான்றும் கேட்பார்கள். முகாமில் ரெடியாக வாங்கிய காலிப்பரானாலும் ஒருமுறை ஆர்த்தோடிஸ்டிடம் போட்டு நடந்து காட்டுங்கள். பழைய காலிப்பர் உடைந்திருந்தாலும் எடுத்து வாருங்கள். எந்த ஓரம் விரிந்தது, எந்தக் குதி தேய்ந்தது என்பதை வைத்தே அடுத்ததைத் திருத்துவார்கள். வீட்டுச் செருப்பு, பள்ளி ஷூ, மழைக்காலத்து பூட் என்று போடுவதெல்லாம் ஒரு பையில் வரட்டும். வீட்டுப் பாதையைச் செல்போனில் பக்கவாட்டிலிருந்து படமெடுத்து வந்தால் இன்னும் நல்லது. எத்தனை டிகிரியில் கணுக்காலை நிறுத்துவது என்பதை ஆர்த்தோடிஸ்ட் மாவுக்கட்டு போடும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.